முத்துச் சல்லடையும் பிராட்பேண்ட் வேகமும்



நீளமாக எழுதி ரொம்ப நாளாயிற்று. பாதியில் தூங்கிவிடுகிறவர்கள் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம். வாத்தியார் பெயர் கூப்பிட மாட்டேன்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பெயர் வேண்டாம், அவன் கூச்சப்படுவான். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோர ஊர்களுக்கு வயர்லெஸ்ஸில் இன்டர்நெட் கொடுக்கிற சின்னத் தொழில் அவனுக்கு. மாடியில் கம்பம், கம்பத்தில் ஒரு தட்டு, அங்கிருந்து வீடுகளுக்குச் சிக்னல். வாடிக்கையாளர்கள் உப்பளத் தொழிலாளிகள், மீன்பிடிக் குடும்பங்கள், இரண்டு மூன்று கருப்பட்டி வியாபாரிகள். காப்பி குடித்து முடித்ததும் கேட்டான்:

“சார், நீங்க வரலாறு நடத்துன ஆளு. ஒண்ணு சொல்லுங்க. நான் குடுக்கது பிராட்பேண்டா, இல்லியா?”

“ஏன்டே, அதுல என்ன சந்தேகம்?”

“என் போர்டுல பிராட்பேண்ட்னு எழுதி வச்சிருக்கேன் சார். ஒரு மெகாபிட் பிளான் வாங்குன ஒருத்தர், இது பிராட்பேண்டே கிடையாது, சட்டத்துல ரெண்டு மெகாபிட்டு இருக்கு, ஏமாத்துறீயான்னு நாலு பேர் முன்னால கேட்டுட்டாரு. அந்த பிளானை நிறுத்தலாம். ஆனா அதுல இருக்கவங்க பூராவும் இல்லாதப்பட்டவங்க. அடுத்த பிளானுக்குக் காசு கட்ட மாட்டாங்க, கனெக்‌ஷனை வெட்டிருவாங்க. அவங்க மட்டும் இல்ல சார், நானும் படுத்துருவேன்.”

அவன் போன பிறகும் அந்தக் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிறவர்கள், யார் உள்ளே, யார் வெளியே என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். நம் ஊருக்கு இது புதிய சங்கதி இல்லை.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் முத்தை எப்படித் தரம் பிரித்தார்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நினைவிருக்கிறதா? பித்தளையில் பத்துச் சல்லடைகள், எல்லாம் ஒரே அகலம். முதல் சல்லடையில் 20 துளை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளை எண்ணிக்கை கூடக் கூடத் துளை சிறுக்கும். 20 துளைச் சல்லடையில் தங்குவது பெரிய முத்து, 1000 துளையில் தங்குவது பொடி. அதற்கும் கீழே விழுவது தூள். அதன் பிறகுதான் வடிவும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி, கலிப்பு, குறுவல் என்று பிரித்து, மஞ்சாடியில் நிறுத்து, செவ்வுக் கணக்குப் போட்டு விலை சொல்வார்கள். மூச்சடக்கி முங்கியவன் கடலிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும், அதற்குப் பெயர் வைத்தது கரையில் இருந்த சல்லடை.

பிராட்பேண்ட் என்ற சொல்லும் அப்படி ஒரு சல்லடைதான். துளையின் அளவை மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. வி.எஸ்.என்.எல். என்ற அரசு நிறுவனம் சென்னை முதலான பெருநகரங்களில் தொடங்கியது. டெலிபோன் கம்பி வழியாக, மோடம் கீச்சிட்டுக் கத்தி, நொடிக்கு 9.6 கிலோபிட் என்று ஆமை நடை நடந்தது. 1998 நவம்பரில் தனியாருக்கும் உரிமம் தரலாம் என்று அரசு முடிவெடுத்தது. உரிமத்தில் மூன்று வகை. நாடு முழுக்க என்றால் ‘ஏ’, ஒரு மாநிலம் போன்ற வட்டாரத்துக்கு ‘பி’, ஏறக்குறைய ஒரு மாவட்ட அளவுக்கு ‘சி’. சின்ன ஆட்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தது அந்த ‘சி’ வாசல் வழியாகத்தான்.

அப்போது நம் தமிழ்நாட்டில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையை உருவாக்கினார்கள். ஒரு கோபுரத்திலிருந்து நேர்க்கோட்டில் 10 கிலோமீட்டர் வரை கம்பியில்லாமல் டெலிபோனும் இன்டர்நெட்டும் போகும். செம்புக் கம்பி இழுக்க முடியாத கிராமத்துக்கு அது பெரிய வரம். என்-லோக் என்ற நிறுவனம் இதை வைத்து, அந்தந்த ஊர்ப் பக்கத்து ஆட்களையே கூட்டாளிகளாக்கி, கிராமத்தில் கியாஸ்க் வைத்து நடத்தியது. 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்தில் பல கிராமங்களுக்கு இது போனது. வேகம் எவ்வளவு? போன் பேசிக்கொண்டிருந்தால் 35 கிலோபிட், பேசாவிட்டால் 70 கிலோபிட்.

அந்தக் காலத்து ஈமெயிலுக்கும் அரசாங்க விண்ணப்பத்துக்கும் அது போதும். ஆனால் 2004 அக்டோபரில் மத்திய அரசு பிராட்பேண்ட் கொள்கையை வெளியிட்டது. எப்போதும் இணைப்பில் இருக்க வேண்டும், பதிவிறக்க வேகம் குறைந்தது 256 கிலோபிட்டாவது இருக்க வேண்டும், அப்போதுதான் அது பிராட்பேண்ட் என்றது. 70 எங்கே, 256 எங்கே? கிராமத்துக்கென்றே செய்த முறை, பெயர் வைத்த அன்றே சல்லடையிலிருந்து கீழே விழுந்துவிட்டது. அந்த முயற்சி பிறகு தேய்ந்ததற்குப் பணம், வாடிக்கையாளர் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் நாட்டின் பிராட்பேண்ட் கணக்கில் அந்தக் கிராமங்களுக்கு இடமில்லை என்பது உண்மை.

வயர்லெஸ் என்றாலே மெதுவானது என்று நினைத்துவிடாதீர்கள். 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, சக்திக்கு ஒரு வரம்பு வைத்து, உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அரசு விட்டது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளையே பல கிலோமீட்டர் தூரத்துக்கு நீட்டி, கிராமத்துக் கண் பரிசோதனை மையங்களை மருத்துவமனையோடு இணைத்தது. டாக்டர் தேனியில் இருந்தபடியே கிராமத்து நோயாளியின் முகம் பார்த்துப் பேசினார். அந்த இணைப்புகள் நொடிக்குச் சில மெகாபிட் கொடுத்தன. அதாவது அன்றைய 256 கிலோபிட் வரையறையைப் போலப் பல மடங்கு. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் பெரும் பகுதி இப்படியே உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. என் மாணவன் பிழைப்பது அந்த அலைவரிசையில்தான்.

இனி சல்லடை மாறிய கதை.

2013 ஜூலையில் 256 என்பது 512 கிலோபிட் ஆனது. அதற்கு முந்தைய வருஷமே, 2012 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை, 2015-க்குள் குறைந்தது 2 மெகாபிட் என்று இலக்கு சொல்லியிருந்தது. 2015 வந்தது, போனது. 2018-ல் வந்த புதிய கொள்கை, 2022-க்குள் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 50 மெகாபிட் என்றது. மேடையில் 50 மெகாபிட் பேசிக்கொண்டிருந்த அந்த நாளிலும் சட்டப்படி அரை மெகாபிட் இருந்தாலே அது பிராட்பேண்ட்தான்! 2021 ஆகஸ்டில் டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் 2 மெகாபிட் ஆக்கச் சொல்லிப் பரிந்துரைத்தது. கூடவே 50 வரை அடிப்படை, 50 முதல் 300 வரை வேகம், 300-க்கு மேல் அதிவேகம் என்று மூன்று தட்டும் வைக்கச் சொன்னது. 2023 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை 2 மெகாபிட் என்று அறிவித்தது. 2015-க்குச் சொன்ன இலக்கு, குறைந்தபட்ச வரையறையாக வந்து சேர 2023 ஆகிவிட்டது.

இந்த எண்களை நம் வீட்டுக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு கிகாபைட் படம் இறக்க வேண்டும். எட்டு பிட் ஒரு பைட், ஆக அது 8000 மெகாபிட். 256 கிலோபிட்டில் எட்டே முக்கால் மணி நேரம் ஆகும். 512-ல் நாலேகால் மணிக்கு மேல். 2 மெகாபிட்டில் ஒரு மணி ஏழு நிமிஷம். 50 மெகாபிட்டில் மூன்று நிமிஷத்துக்கும் குறைவு. கணக்கு வாத்தியார் யாராவது படித்தால் சரிபார்த்துக்கொள்ளவும்.

வரையறையைக் கீழே வைத்திருப்பதில் யாருக்கு லாபம்? கணக்குக் காட்டுகிறவர்களுக்குத்தான். துளை சின்னதாக இருந்தால் எல்லாம் முத்து. ‘இத்தனை கோடிப் பேருக்குப் பிராட்பேண்ட் கொடுத்துவிட்டோம்’ என்று அறிக்கை எழுதலாம். அந்த வசதி இருந்தும் 2004 கொள்கை சொன்ன இலக்கான 2010-க்குள் 2 கோடி இணைப்பில் ஏறத்தாழப் பாதிதான் எட்ட முடிந்தது என்பது தனி வேடிக்கை.

வரையறையை மேலே தூக்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே எஃப்.சி.சி. என்ற ஆணையம் 1999-ல் 200 கிலோபிட் என்று தொடங்கியது. அதற்கு அவர்கள் சொன்ன ஒரு காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற வேகத்தில் இணையப் பக்கமும் மாற வேண்டும் என்பது. 2010-ல் பதிவிறக்கம் 4, பதிவேற்றம் 1 மெகாபிட். 2015-ல் 25-ம் 3-ம். 2024 மார்ச்சில் 100-ம் 20-ம். ஒவ்வொரு முறை உயர்த்தும்போதும், நேற்று வரை ‘இணைப்பு உண்டு’ என்று எழுதப்பட்ட ஊர் ‘இணைப்பு இல்லை’ என்று ஆகும். இல்லாத ஊருக்கு அரசு மானியம் வரும். மானியத்தில் பெரிய நிறுவனம் ஃபைபர் இழுக்கும். அதே ஊரில் சொந்தக் காசில் வருஷக்கணக்காகக் கம்பம் நட்டு வயர்லெஸ் கொடுத்துக்கொண்டிருந்த சிறு ஆள் என்ன ஆவார்? 42 பில்லியன் டாலருக்கு மேல் ஒதுக்கிய ஒரு திட்டத்தில், உரிமமில்லா அலைவரிசையை மட்டும் நம்பிய சேவையை ‘நம்பகமான பிராட்பேண்ட்’ என்று எண்ணவே கூடாது என 2022-ல் விதி எழுதினார்கள். வேகம் இருந்தாலும் கணக்கில் இல்லை! சிறு வயர்லெஸ் நிறுவனங்களின் சங்கம் விடாமல் எதிர்ப்புச் சொன்னது. 2025 ஜூனில் விதியை மாற்றி, அவர்களையும் பரிசீலிக்கலாம் என்றார்கள்.

ஆக, துளை சிறுத்தால் வாடிக்கையாளர் ஏமாறலாம், துளை பெருத்தால் சின்ன வியாபாரி விழலாம். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் மாணவனிடம் இன்னொரு விஷயமும் சொன்னேன். எண்ணை மட்டும் பார்க்காதே, எங்கே நின்று அளக்கிறார்கள் என்று பார். நம் நாட்டு வரையறையில் அந்த 2 மெகாபிட், சேவை தருபவரின் இணைப்பு மையத்திலிருந்து தனி வாடிக்கையாளர் வரைக்குமான வேகம். மையத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அந்த வாக்கியம் பேசவில்லை. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெருக்குழாய் நல்ல அகலம்தான், ஆனால் வல்லநாட்டிலிருந்து தண்ணீர் வந்தால்தானே குடம் நிறையும்?

அதற்காக வேறு விதிகளும் இருக்கின்றன. 2006-ல் டிராய் கொண்டுவந்த தர விதிமுறை, சொன்ன வேகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கிடைக்க வேண்டும் என்றது. 2009-ல் ஒரு வழிகாட்டுதல் வந்தது. வீட்டு இணைப்பில் ஒரே அலைக்கற்றை அளவை 50 பேருக்கு மேல் பங்கு போடக் கூடாது, வணிக இணைப்பில் 30 பேருக்கு மேல் கூடாது என்று. இதன் கணக்கைப் பாருங்கள். மையத்துக்கு 100 மெகாபிட் வருகிறது. ஆளுக்கு 2 என்று தனித்தனியாகக் கொடுத்தால் 50 வீடு. ஒன்றுக்கு ஐம்பது என்று பங்கு போட்டால் காகிதத்தில் 2500 வீடு! எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓடுகிற கணக்கு இது. ராத்திரி எட்டு மணிக்குக் கிரிக்கெட் நடந்தால் நம்பிக்கை உடைந்துவிடும்.

இன்னொரு ஓட்டை, நம் வரையறை பதிவிறக்கத்தை மட்டுமே பேசுகிறது. மேலே ஏற்றுகிற வேகத்துக்கு எண்ணே கிடையாது. 2020 ஊரடங்கில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் போனில் பாடம் நடத்தியது உங்களில் சிலருக்குத் தெரியும். பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும், என் குரல் அவர்களுக்கு வெட்டி வெட்டிப் போகும். “சார், நீங்க ரோபோ மாதிரி பேசுதீங்க” என்றது ஒரு வாண்டு. வாங்குவதற்கு மட்டும் வேகம் வைத்தவர்கள், கிராமத்துக்காரன் சொல்வதற்கும் ஏதாவது வைத்திருப்பான் என்று நினைக்கவில்லை போலும்.

நம் கடற்கரையின் முரணையும் சொல்ல வேண்டும். 2006-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புப் பக்கம் கல்கிசை வரை, கடலுக்கடியில் 300 கிலோமீட்டருக்கு மேல் கண்ணாடி இழைக் கேபிள் போட்டார்கள். பாரத் லங்கா கேபிள் என்று பெயர். இரண்டு நாடுகளின் பேச்சு நம் கரை வழியாக ஏறி இறங்கியது. அதே கரையில் சில கிலோமீட்டர் தள்ளி ஒரு மீனவர் வீட்டில் வானிலை எச்சரிக்கைப் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் அரசுத் திட்டம் வந்திருக்கிறது, நல்லது. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி, கடைசிக் குடிசைக்கு எப்படிப் போகும்? அந்தக் கடைசித் தூரத்தில்தான் என் மாணவனைப் போன்றவர்களின் வேலை இருக்கிறது. உப்பளம் சமதளம், சிக்னல் தடையில்லாமல் ஓடும். ஆனால் பாத்தித் தண்ணீரில் பட்டு எதிரொளித்துக் குழப்பும். பனைமரம் வளர்ந்து குறுக்கே நிற்கும். உப்புக்காற்றில் போல்ட் துருப்பிடித்துக் கையோடு வரும். இதெல்லாம் எந்த வரையறையிலும் இல்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை. என் தங்கச்சி குடும்பம் கிராமத்தில் மாட்டிக்கொண்டது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. ஒன்றரை நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் வாட்சப்பில் ஒரு குரல் செய்தி வந்தது: “அண்ணே, மாடியில இருக்கோம், பிள்ளைங்க நல்லா இருக்கு.” இந்தப் பயல் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் போய், கம்பத்துக்கு ஒரு மணி நேரம் உயிர் கொடுத்திருக்கிறான். அந்த ஊரில் அவன் வைத்திருந்தது ஒரு மெகாபிட் பிளான்தான். அந்த வருஷ ஜனவரியிலிருந்து சட்டப்படி அது பிராட்பேண்ட் இல்லை.

இதைச் சொல்வதால் வரையறையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அந்த ஒரு மெகாபிட்டில் ஒரு பிள்ளை காலேஜ் பாடம் படிக்க முடியாது. ஏழைக்கு இது போதும் என்று நாம் சொல்லக் கூடாது. 2 மெகாபிட்டே இன்றைக்குக் குறைவு என்பதுதான் என் எண்ணம். சல்லடை வேண்டும், துளையும் காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும். ஆனால் கீழே விழுந்ததைத் தூள் என்று கூட்டித் தள்ளக் கூடாது. அந்த வீடுகளை எண்ணி, மேலே ஏற்றிவிட வழி செய்ய வேண்டும். அதற்குத்தான் அளவு.

அவனிடம் முடிவாகச் சொன்னது இவ்வளவுதான்: “அந்தச் சின்னப் பிளான்ல இருந்து பிராட்பேண்ட்ங்கிற வார்த்தையை எடுத்துரு. வெறும் இன்டர்நெட்னு எழுது. ராத்திரி எட்டு மணிக்கு எவ்வளவு வரும், மேலே ஏத்த எவ்வளவு வரும்னு ரெண்டு எண்ணையும் போர்டுலயே எழுது. கேட்டவரு வீட்டுக்குப் போயி, நீங்க சொன்னது சரிதான் அண்ணாச்சின்னு சொல்லிட்டு வா. உன் பேரு கெடாது.”

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். “ராத்திரி எட்டு மணி நம்பரை எழுதுனா ஆளு வராது சார்” என்றான். “வந்த ஆளு போகாதுடே” என்றேன்.

நேற்று ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். பழைய போர்டு, புதுப் பெயின்ட். இரண்டு எண்ணும் இருக்கிறது. இரண்டுமே சின்ன எண்தான். ஆனால் அந்தப் போர்டைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

உங்களுக்கும் ஒரு வீட்டுப்பாடம். இன்று ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் வீட்டு இணைப்பின் வேகத்தை, கீழே இறங்குவதும் மேலே ஏறுவதும், அளந்து பாருங்கள். நீங்கள் காசு கட்டுகிற எண்ணோடு ஒப்பிட்டுக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் எழுதலாம். நம்பரைக் கூட்டி எழுதினால் முட்டி போட வைப்பேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்